மிட்சுபிஷி சைலன்ட் ஷாஃப்ட்: வேலை கச்சிதம், சின்ன பெல்ட்டில்தான் சிக்கல்

பழைய மிட்சுபிஷி 4ஜி63 எஞ்சின் உள்ள காரை வாங்குகிறவர்கள் பட்டறையில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "பேலன்ஸ் ஷாஃப்டைக் கழற்றிவிடலாமா?" என்பது. எஞ்சினின் அதிர்வை அடக்கச் சுற்றும் இந்தத் தண்டுகளுக்கு மிட்சுபிஷி வைத்த பெயர்தான் சைலன்ட் ஷாஃப்ட். மலேசியாவில் புரோட்டான் பெர்டானா 2.0 வைத்திருப்பவர் கேட்டாலும் சரி, லான்சர் எவலூஷன் வைத்திருப்பவர் கேட்டாலும் சரி, அன்றாடம் சாலையில் ஓடும் வண்டி என்றால் எங்கள் பதில் ஒன்றுதான்: கழற்றாதீர்கள். அதற்கான பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றுங்கள். ஏன் என்று எண்களோடு சொல்கிறோம். இந்தப் பொருளைப் பற்றிப் புழங்கும் பேச்சில் பாதி, எஞ்சினை ஐட்லிங்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது. அங்கேயே கணக்கு தப்பிவிடுகிறது.

வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில் 1, 4 பிஸ்டன்கள் மேலே போகும்போது 2, 3 கீழே வரும். ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பிஸ்டனை கிராங்கோடு (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டோடு) இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது. 4ஜி63-இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் உச்சிக்கும் அடிக்கும் நடுவே ஓடும் தூரம், 88 மி.மீ., ராட் நீளம் 150 மி.மீ. கிராங்க் உச்சியிலிருந்து முதல் கால் சுற்று திரும்பும்போது பிஸ்டன் 50.6 மி.மீ. இறங்குகிறது. அடுத்த கால் சுற்றில் 37.4 மி.மீ. மட்டும். இரண்டு பிஸ்டன் உச்சியிலும் இரண்டு அடியிலும் நிற்கும்போது நான்கின் சராசரி நிலை ஸ்ட்ரோக்கின் நட்டநடுவில் இருக்கும். கால் சுற்று கழிந்ததும் நான்கு பிஸ்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அந்த மட்டம் நடுவிலிருந்து 6.6 மி.மீ. கீழே. ஆக, கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு பிஸ்டன்களின் மொத்தப் பாரமும் 6.6 மி.மீ. அளவுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. இரண்டாம் நிலை அதிர்வு என்பது இதுதான். கிராங்கில் எவ்வளவு எதிர்ப்பாரம் வைத்தாலும் இது போகாது. கிராங்க் ஒரு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, அதிர்வோ இரண்டு மடங்கு வேகத்தில் வருகிறது.

பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 ஆர்.பி.எம்.மில் இந்த மேல்கீழ் விசை சுமார் 12,200 நியூட்டன், அதாவது ஒன்றேகால் டன்னுக்குச் சற்றே குறைவு. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 3000-இல் கால் பங்கு, சுமார் 310 கிலோ எடைக்குச் சமம். 750 ஆர்.பி.எம். ஐட்லிங்கிலோ வெறும் 20 கிலோ. ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, "ஐட்லிங்கில் ஒரு வித்தியாசமும் இல்லை" என்பவர் பொய் சொல்லவில்லை. அங்கே வித்தியாசம் தெரியவே தெரியாது. ஐட்லிங்கில் வண்டி உதறுகிறது என்றால் காரணம் வேறு: எஞ்சின் மவுண்டிங், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமை, இல்லையென்றால் ஏர் லீக். ஷாஃப்டின் அருமை நெடுஞ்சாலையில், 3000-க்கும் 4500-க்கும் நடுவில் நீண்ட நேரம் ஓடும்போது தெரியும். பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைக் கண்ணாடியில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், புரிந்துவிடும்.

தீர்வு மிட்சுபிஷி கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழி சொல்லிவிட்டார். ஒரு பக்கம் கனமான இரண்டு தண்டுகளை எதிரெதிர்த் திசையில், கிராங்கின் இரு மடங்கு வேகத்தில் சுற்றவிட வேண்டும். பக்கவாட்டு விசைகள் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், மேல்கீழ் விசைகள் கூடும். கூடிய விசை பிஸ்டன் விசைக்கு நேர் எதிராக வரும்படி கோணத்தை வைத்தால் வேலை முடிந்தது. மேலே போட்ட கணக்குப்படி ஒரு தண்டுக்குத் தேவையான சமமின்மை 3.9 கிலோ-மி.மீ.தான், மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி 390 கிராம் இருந்தால் போதும். சின்னப் பாரம்தான் என்றாலும் 6000-இல் எஞ்சின் ஓடும்போது அந்தத் தண்டு 12,000-இல் சுற்றுகிறது. ஒவ்வொரு தண்டும் தன் பேரிங்குகள் மேல் 600 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுழற்றிச் சுழற்றி அழுத்துகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், எஞ்சின் ஆயில் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவோம்.

1975-இல் ஆஸ்ட்ரான் எஞ்சினில் மிட்சுபிஷி சேர்த்த புதுமை, இரண்டு தண்டையும் ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் வைத்தது. தண்டுகளுக்கிடையே உயர வித்தியாசம் இருப்பதால் மேல்கீழ் ஆட்டத்தோடு, எஞ்சின் கிராங்கைச் சுற்றிப் புரளப் பார்க்கும் ஆட்டமும் ஓரளவு அடங்குகிறது. முழுவதும் அடங்காது. எரியும் வாயுவின் தள்ளல் ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப மாறும், தண்டின் பாரம் மாறாது. ஆனாலும் நல்ல யோசனை. போர்ஷே, சாப், ஃபியட் மூன்றும் உரிமம் வாங்கிப் பயன்படுத்தின. 1982-இல் வந்த போர்ஷே 944-இன் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் அத்தனை மிருதுவாக ஓடியதில் இந்த ஜப்பானிய உரிமத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

யோசனைக்கு முழு மதிப்பெண். சுற்றவைக்கும் ஏற்பாட்டுக்கு அப்படிக் கொடுக்க முடியாது.

4ஜி63-இல் முன்பக்கத் தண்டைச் சுற்றுவது ஒல்லியான ஒரு தனி பெல்ட். கைப்புத்தகத்தில் அதற்கு டைமிங் பெல்ட் பி என்று பெயர். பின்பக்கத் தண்டு ஆயில் பம்பின் கியரோடு சேர்ந்தது, பம்பின் புல்லியை, வால்வுகளை இயக்கும் பெரிய டைமிங் பெல்ட்டே சுற்றுகிறது, கியர் பிணைப்பால் திசை மாறுகிறது. சின்ன பெல்ட் பெரிய பெல்ட்டுக்கு உள்பக்கமாக, கிராங்கை ஒட்டி ஓடுகிறது. வில்லங்கம் இந்த இடத்தில்தான். சின்ன பெல்ட் பிய்ந்தால் பிசிறு நேராகப் பெரிய பெல்ட்டுக்கும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் போய்ச் சிக்கும். பெரிய பெல்ட் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், ஹெட்டை இறக்க வேண்டிவரும். சொகுசுக்காக வைத்த பாகம் எஞ்சினையே கொல்வது வடிவமைப்புக் குறைதான், சந்தேகமில்லை. ஹோண்டாவின் எஃப்22 எஞ்சினிலும் பேலன்சருக்குத் தனி பெல்ட்தான், அங்கும் இதே பயம் உண்டு. சாப் தன் 2.3 லிட்டர் எஞ்சினில் சங்கிலி போட்டது. டொயோட்டா 2ஏஇசட் எஞ்சினில் தண்டுகளை கிராங்குக்குக் கீழே இறக்கி கியரால் சுற்றியது. பெல்ட் மாற்றும் செலவு இல்லை என்ற அளவில் அவை இரண்டுமே மேல்.

சின்ன பெல்ட் ஏன் பிய்கிறது? வயதானதால் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஆயில் நனைந்து பிய்கிறது. கிராங்கின் முன் சீல், முன் தண்டின் சீல், ஆயில் பம்ப் சீல் மூன்றும் அந்தப் பெல்ட்டுக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. எதில் கசிந்தாலும் ரப்பர் ஊறிப் பல் உதிரும். இன்னொரு காரணம், தண்டின் பேரிங் வறண்டு பிடித்துக்கொள்வது. 12,000 சுற்றில் 600 கிலோ என்றோமே, அதைத் தாங்குவது உருளைகள் அல்ல, வெறும் புஷ்ஷும் அதற்குள் இருக்கும் ஆயில் படலமும்தான். ஆயில் அளவு குறைந்தோ கெட்டோ ஓடும் வண்டியில் கிராங்க் பேரிங்குக்கு முன்பே இது இழுத்துப் பிடிக்கும். பெல்ட் அறுந்துவிட்டது என்று புது பெல்ட்டை மட்டும் போட்டு அனுப்பினால் சில நாளில் அதுவும் அறும். புது பெல்ட் போடுமுன் முன் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராக, எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். கரகரப்பு இருந்தால் முன் கேஸை (எஞ்சினின் முன்பக்க உறையை) கழற்றியே தீர வேண்டும்.

சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு இரண்டு பெல்ட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பெரியதை மட்டும் மாற்றிச் சின்னதை விட்டுவைப்பது கூலியில் மிச்சமில்லை, ஏனென்றால் சின்னதை எட்டப் பெரியதைக் கழற்றத்தான் வேண்டும். அதே வேலையில், பெல்ட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு டென்ஷனரையும் மேலே சொன்ன மூன்று சீலையும் மாற்றிவிடுங்கள். டென்ஷனர் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பப் போடும் வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை.

பொருத்தும்போது தவறும் இடங்கள் நான்கைந்து உண்டு. மிக முக்கியமானது பின் தண்டின் கோணம். ஆயில் பம்ப் புல்லியின் மார்க் கேஸில் உள்ள மார்க்கோடு நேராக நின்றாலும் உள்ளே தண்டு அரைச் சுற்று தள்ளி நிற்கலாம். பம்பு கியர்களின் பல் கணக்கு அப்படி, புல்லி ஒரு சுற்று சுற்றினால் தண்டு தன் பழைய இடத்துக்கு வருவதில்லை. அதனால்தான் பிளாக்கின் பக்கத்தில் ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டும். 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் தண்டு சரியான நிலையில் இருக்கிறது. 20 முதல் 25 மி.மீ. போனதும் முட்டி நின்றால் தண்டின் கனமான பகுதியில் இடிக்கிறது என்று பொருள், புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றி மார்க்கைச் சேர்த்து மறுபடி பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை உடனே உருவக் கூடாது. பெல்ட் ஏறி முடியும்வரை அது உள்ளேயே இருக்கட்டும்.

இந்த ஒரு நிமிட வேலையைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். பின் தண்டு அரைச் சுற்று தவறினால் இரு தண்டுகளின் மேல்கீழ் விசைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு பூஜ்யமாகும், பிஸ்டனின் 12,200 நியூட்டன் அப்படியே நிற்கும். போதாததற்குப் பக்கவாட்டு விசைகள் கூடி இன்னொரு 12,200 நியூட்டன் புதிதாக வந்து சேரும். தண்டே இல்லாத எஞ்சினைவிட மோசம். "டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து 3000-க்கு மேல் ஸ்டீயரிங் அதிருது" என்று வரும் வண்டிகளில் மவுண்டிங்கை மாற்றிப் பணத்தைக் கரைக்கும் முன் இந்தப் பிளக்கைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

சின்ன பெல்ட்டின் இறுக்கம் அடுத்தது. மார்க்குகளைச் சேர்த்துப் பெல்ட்டை மாட்டியபின் டென்ஷனரை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே போல்டை முடுக்க வேண்டும். போல்டோடு சேர்ந்து டென்ஷனரும் திரும்பிவிட்டால் பெல்ட் அளவுக்கு மீறி இறுகி, ஊளையிடும், பேரிங்கும் சீக்கிரம் போகும். முடுக்கிய பிறகு இறுக்கமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் 5 முதல் 7 மி.மீ. உள்வாங்க வேண்டும். பெரிய பெல்ட் இறுக்கத்துக்குப் பழகிய கைகள் இதையும் அப்படியே முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முன் தண்டில் சீலுக்குள் நுழையும் ஸ்பேசருக்கு ஒரு முனை சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்த முனை சீலைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கூரான விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடும், புது சீல் போட்ட அன்றே கசிவு தொடங்கும். அந்தக் கசிவு எதன்மேல் சொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. கிராங்கின் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவில் வரும் தட்டையும் கழற்றும்போதே எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று போட்டோ எடுத்துவையுங்கள், மாறிப் போனால் பெல்ட்டின் ஓரத்தை ரம்பம்போல் அறுக்கும்.

இனி, ஷாஃப்டுகளைக் கழற்றிவிடுவதற்கென்று சந்தையில் கிடைக்கும் டிலீட் கிட். உள்ளே இருப்பவை எளிமையானவை: பின் தண்டுக்குப் பதிலாக ஆயில் பம்ப் கியரைத் தாங்கும் ஒரு குட்டைத் தண்டு, முன் கேஸில் தண்டு வெளியே வரும் ஓட்டையை அடைக்க ஒரு மூடி, சில கிட்டுகளில் கேஸ்கெட். வேலை அவ்வளவு எளிமையல்ல. ஆயில் சம்ப், முன் கேஸ் இரண்டும் இறங்க வேண்டும். தண்டுகளை உருவிய பிறகு அவற்றின் புஷ்ஷுகளையும் கழற்றி, ஆயில் ஓட்டை மூடிக்கொள்ளும்படி திருப்பி அடிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் வெட்டவெளியில் கொட்டி, சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தம் விழும். செய்தால் வேறொரு பக்கவிளைவு: ஆயில் போகும் வழிகள் குறைந்ததால் குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் தேவைக்கு மேல் எகிறும். டர்போ எஞ்சினில் இது டர்போ சீல்களைத் தாண்டிப் புகையாக வெளிவரலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கில், மிகுதி அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வழியையும் அகலப்படுத்துகிறார்கள். கிட் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இருக்குமா என்று தேடிப் பாருங்கள்.

பந்தய எஞ்சினுக்குக் கழற்றுவதில் நியாயம் உண்டு. 8000 ஆர்.பி.எம்.மில் தண்டு 16,000-இல் சுற்றும், பேரிங் மேல் பாரம் ஒரு டன்னைத் தாண்டும், ஓட்டுபவரும் சொகுசைக் கேட்கப்போவதில்லை. அன்றாடம் அலுவலகம் போகும் காருக்கு அந்த வாதம் பொருந்தாது. தண்டு போனால் அதிர்வு ஸ்டீயரிங்கோடு நிற்காது. ஆல்டர்னேட்டர் பிராக்கெட், சைலன்சர் குழாயின் வளையும் பகுதி, ஏசி பைப்பின் கிளாம்ப், ஒயரிங் பிளக் என்று ஒவ்வொன்றாகத் தளரும். அவற்றையெல்லாம் யாரும் ஷாஃப்டோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது அரைகுறை டிலீட். சில பட்டறைகளில் சின்ன பெல்ட்டை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள், "ரிஸ்க் போச்சு" என்கிறார்கள். முன் தண்டு நின்றுவிடும், பின் தண்டு பம்போடு சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்கீழ் அதிர்வில் பாதி மிச்சம், அதே அளவுக்குப் பக்கவாட்டு அதிர்வு புதிதாக. ஒன்று இரண்டும் இருக்கட்டும், அல்லது இரண்டும் போகட்டும்.

பெயர்க்குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுவோம். ஸ்பேர் கடையில் பேலன்சர் என்று கேட்டால் கிராங்க் புல்லியை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு வேலை பார்க்கும் பொருள். நடுவில் ரப்பர் வளையம் உள்ள அந்தப் புல்லி, கிராங்க் முறுக்கிக்கொண்டு விடுபடும் அதிர்வை உறிஞ்சுகிறது. வண்டி உதறுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. அந்த ரப்பர் வெடித்து வெளிவளையம் நழுவினால் அதிலுள்ள டைமிங் மார்க்கும் நழுவும், டைமிங் லைட் காட்டுவதெல்லாம் தப்பாகும். பழைய புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள், கோடு விலகினால் மாற்றுங்கள். இதற்குப் பதிலாக எடை குறைவு என்று விற்கும் ரப்பர் இல்லாத அலுமினியப் புல்லியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கிராங்குக்கு இருந்த ஒரே பாதுகாப்பையும் கழற்றிவிட்டு ஸ்டீரியோ கடைப் பளபளப்பை மாட்டுவது அது.

எஞ்சின் மவுண்டிங்குகளைப் பொறுத்தவரை, ஷாஃப்ட் நன்றாக இருக்கும் வண்டியில் ஒரிஜினல் ரப்பரே போதும். ஷாஃப்ட் கழற்றிய வண்டியில் விறைப்பான பாலியூரித்தேன் மவுண்டிங்கையும் போட்டால் பாடி முழுவதும் ரீங்கரிக்கும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: விற்பவர் மேல் கவரைக் கழற்றி "பாருங்க, பெல்ட் புதுசு" என்று காட்டுவார். அங்கே தெரிவது பெரிய பெல்ட் மட்டும். சின்ன பெல்ட்டைப் பார்க்க கிராங்க் புல்லியும் கீழ்க் கவரும் கழல வேண்டும், அதை யாரும் விற்கும் இடத்தில் செய்துகாட்ட மாட்டார்கள். பில்லைக் கேளுங்கள். அதில் இரண்டு பெல்ட், இரண்டு டென்ஷனர் என்று தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "டைமிங் பெல்ட் செட்" என்று ஒற்றை வரி இருந்தால் பாகத்தின் எண்ணைக் கேட்டு, அந்தச் செட்டில் சின்னது சேர்த்தியா என்று ஸ்பேர் கடையில் சரிபாருங்கள். பல செட்டுகளில் சேர்த்தி இல்லை. பில் இல்லையென்றால் வண்டி விலையில் ஒரு முழு பெல்ட் வேலைக்கான தொகையைக் குறைத்துப் பேசி, வாங்கிய கையோடு பட்டறைக்கு ஓட்டிப் போங்கள், 3000-ஐத் தாண்டாமல்.